மருந்து விற்காத வயல்கள்

சலீம்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதித்தரப் பக்கத்து வீட்டுப் பெண் தயாராக இருந்தாள். வேண்டாம் என்றேன். மலையாளம் என்றால் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவாய். இதை நீ மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சின்ன வயதில் செய்ததுபோல உதட்டை அசைத்து வாசிக்க வேண்டும். விஷு கழிந்த வாரத்தில் வந்து, என் முன்னால் உட்கார்ந்து நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் தட்டில் இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினேன், அவ்வளவுதான். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

கவரை ஒட்டவில்லை. இதைக் கொண்டுவருகிற லாரி டிரைவர் பொன்னன் சேட்டன் சித்தூர் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். அவர் படிக்கட்டும். படித்துவிட்டுச் சாயாக்கடையில் நாலு பேருக்குச் சொன்னாலும் சரி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த லாரி இப்போது காலிச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்கு வருகிறது. மழை பிடித்தால் அதே சாக்குகள் தவளையால் நிரம்பி மட்டாஞ்சேரிக்குத் திரும்பும். இந்த வருஷம் அவற்றை நிரப்பிக் கொடுக்கிற ஏஜென்ட் நீ என்று நான் வேலை செய்கிற ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவசரம். இடவப்பாதி மழைக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும்.

நோன்பு திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. பள்ளிவாசலில் இருந்து கஞ்சி வாங்கிவந்து மூடிவைத்திருக்கிறேன். நீ பாலக்காட்டுக்குப் போன பிறகு வருகிற இரண்டாவது நோன்பு இது. முதல் வருஷம் பழக்கதோஷத்தில் தினமும் இரண்டு கிண்ணம் எடுத்துவைத்தேன். இப்போது ஒன்றுதான் எடுக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அரை மீன் வாங்க முடியாது, கால் தேங்காய் யாரும் தரமாட்டார்கள். நேற்று வைத்ததை இன்று சூடாக்கி, இன்று மிஞ்சினதை நாளைக்கு வைத்து, மூன்றாம் நாள் பூனைக்குக் கொட்டுகிறேன். வீட்டில் என் குரல் கேட்டு நாலு நாள் ஆன மாதிரி இருக்கும். அப்புறம் சட்டியைக் கீழே போட்டுவிட்டு நானே என்னைத் திட்டுவேன். ஓ, இவளுக்குக் குரல் இருக்கிறது என்று அப்போது தெரியும். உன் மேல் வருத்தப்பட்டு இதைச் சொல்லவில்லை. பாலக்காட்டில் பார்த்துவைத்திருப்பதாக நீ சொன்ன வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். முன்னால் கிணறு, பின்னால் முருங்கை, நீயும் உனக்கு வரப்போகிறவளும், மூலையில் எனக்கு ஒரு கட்டில். அந்த வீடு எனக்கு வேண்டும், சலீம். வேண்டாம் என்று நடிக்க மாட்டேன். இனி எழுதுவதை எல்லாம் அதை மனசில் வைத்துக்கொண்டு படி.

உன் அத்தா மஞ்சள்காமாலையில் போனபோது உனக்கு நாலு வயது, எனக்கு இருபது நிரம்பவில்லை. பஜாரில் அவர் மிளகு மூட்டை சுமந்த கிடங்கின் முதலாளி ஒரு சாக்கு அரிசி கொடுத்தனுப்பினார். அது தீர்ந்த பிறகு யாரும் எதுவும் அனுப்பவில்லை. வைப்பினில் இருந்து படகு ஏறி வேலைக்கு வருகிற மேரிச்சேச்சிதான் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். செம்மீன், நம் தமிழில் இறால், அதன் தோல் உரிக்கிற வேலை. கை வேகமாக ஓடினால் கூலி, ஓடாவிட்டால் ஏச்சு. இடவ மாசத்தில் கடல் பொங்கினால் படகு இறங்காது, செம்மீன் வராது, ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாசங்களில் நாங்கள் எதைத் தின்றோம் என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. அப்புறம் ஒரு வருஷம் மழைக்காலத்திலும் ஷெட் திறந்திருந்தது. மேசைமேல் ஈரச் சாக்குகள் அசைந்துகொண்டிருந்தன. அவிழ்த்துப் பார்த்தால் தவளை. வெளிநாட்டில் அதன் பின்னங்காலைத் தின்கிறார்களாம். மேரிச்சேச்சி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எடீ, இதுக்கும் காலு நம்மளைப் போலத்தான் இருக்கு. இருந்திருந்து வெள்ளைக்காரச் சாயிப்புக்கு இதுதானா கிடைச்சது?" சிரித்தோம். சிரித்துக்கொண்டே பிளேடை எடுத்தோம். பட்டினி மாசங்களில் கூலி வந்தது. அந்த வருஷம்தான் உனக்கு மழைக்கோட்டு வாங்கினேன். நீலக்கலர். ஞாபகம் இருக்கும்.

ஷெட்டில் இருந்து வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீ பார்த்து வளர்ந்தவன். வாசலுக்கு வெளியே ஒரு தகரப்பெட்டி. ஷெட்டுக்குப் போகிற சேலை அதில்தான் கிடக்கும், வீட்டுக்குள் வராது. கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிப்பேன். சிகைக்காய் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ப்பேன். குளிக்காமல் அடுப்பைத் தொட்டதில்லை, உலை வைத்ததில்லை, உன்னைக்கூடத் தொட்டதில்லை. நீ ஓடிவந்து கட்டிக்கொள்ள வருவாய், நான் குச்சியை நீட்டித் தள்ளி நிறுத்துவேன். நமக்கு அது தின்னக் கூடாதது. அது எல்லோருக்கும் தெரியும். அதை வெட்டலாமா என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் உலை கொதிக்காது. குளித்தேன், அழுக்குப் போயிற்று, தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வரிசையில் எல்லோரும் அப்படித்தான். மேரிச்சேச்சி வீட்டில் அதன் பெயரைச் சொன்னாலே அவள் மாமியார் துப்புவாளாம். வயலில் பிடிக்கிறவர்கள் தின்னவில்லை, பொன்னன் சேட்டன் தின்னவில்லை. எங்கள் முதலாளி சுத்த சைவம், ஷெட்டுக்குள் வந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள்வார். தின்கிறவன் கப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். கடலில் மத்தி குறைந்தால் மட்டாஞ்சேரியில் சட்டிக்குத்தான் முதலில் தெரியும். இந்த வருஷம் சாளை பொடிசா இருக்கே, விலை கூடியிருக்கே என்று பெண்கள் மார்க்கெட்டில் சண்டை போடுவார்கள், பத்திரிகைக்காரன் அப்புறம்தான் எழுதுவான். தவளை குறைந்தது எந்தச் சட்டிக்கும் தெரியவில்லை. தொட்டால் குளிக்க வேண்டிய ஒரு ஜந்து ஊரில் இருந்து காலியாகிறது, அதில் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் நாங்கள் நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நினைக்கவே இல்லை.

நீதான் எனக்கு முதலில் சொன்னாய். காலேஜில் உயிரியல் சேர்ந்த வருஷம். உனக்கும் அங்கே தவளைதான், மெழுகுத் தட்டில் குத்தி வயிற்றைக் கிழித்துப் படித்தாய். "நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே வேலைம்மா, எனக்கு மட்டும் மார்க் போடறாங்க" என்று சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நீ விளக்கியது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மேடமாசத்து வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும்போது தவளை மண்ணுக்குள் போய் அசையாமல் கிடக்கும். முதல் மழை இறங்கி, மண் குளிர்ந்து, தண்ணீர் தேங்கினால்தான் மேலே வரும். ஆண் தவளை அந்த ஒரு சில நாளைக்கு மஞ்சள் பூசின மாதிரி நிறம் மாறும், ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தும். பெண் தவளை வந்து தேங்கின தண்ணீரில் முட்டையிடும். வருஷத்தில் அந்தச் சில நாளைத் தவறவிட்டால் அடுத்த மழைக்காலம்தான். "மழை எப்போ வரும், எவ்வளவு நிக்கும், அதைப் பொறுத்துத்தான் எல்லாம்" என்றாய். வயலில் நாற்று, நாற்றில் பூச்சி, பூச்சியைத் தின்ன தவளை, தவளையைத் தின்ன பாம்பும் கொக்கும், எல்லாம் அந்த ஒரு மழையில் கோத்து வைத்திருக்கிறது என்றாய்.

நான் அப்போது கேட்டேன்: "அப்போ எங்க ஷெட்டுக்குப் பிடிக்கிறதும் அந்த நாள்லதானே?"

நீ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவைத்தாய். பிறகு, "ஆமா. கத்தறதைக் கேட்டுத்தானே பிடிக்கிறாங்க" என்றாய்.

அது எனக்கு ஏற்கெனவே தெரியும், சலீம். மேசைமேல் வருகிற பெண் தவளையின் வயிற்றில் கறுப்பாகக் கடுகு மாதிரி முட்டை இருக்கும். காலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவோம். மேசை முழுக்க முட்டை ஒட்டிக்கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளினால் சாக்கடைக்குப் போய், அங்கிருந்து காயலுக்குப் போகும். சில நாள் சாக்கடை அடைத்துக்கொள்ளும். அப்போது சூப்பர்வைசர் எங்களைத் திட்டுவார். சாக்கடையை அடைத்தது அடுத்த வருஷத்துத் தவளை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்புறம் மழையும் பிசகத் தொடங்கியது. ஒரு வருஷம் இடவம் முடிந்தும் வானம் வெள்ளையாகவே இருந்தது. ஷெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். பெய்தபோது மொத்தமாகக் கொட்டியது, இரண்டு மூன்று நாளில் எல்லாத் தவளையும் ஒரே சமயத்தில் வெளியே வந்தது, லாரி வரிசையாக நின்றது. பிறகு மழை நின்று, தேங்கின தண்ணீர் வற்றிவிட்டது. தப்பின தவளை இட்ட முட்டையும் அதோடு போயிருக்கும். மழை ஒரு வருஷம் ஏமாற்றினால் இன்னொரு வருஷம் ஈடுகட்டிவிடும், அது பழைய கதை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் சாக்கு ஒரு வருஷமும் ஓய்வு கொடுக்கவில்லை. வரத்துக் குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் உள்ளே போய்ப் பிடித்தார்கள். முதலில் பக்கத்து வயல்கள், பிறகு ஆலப்புழை, பிறகு பாலக்காடு. முன்பெல்லாம் ஒரு கால் என் உள்ளங்கையை நிரப்பும். கடைசியில் விரல் நீளம்கூட இல்லை. சின்னதை வெட்டினால் அதே கூலிக்கு அதிக வேலை. அதற்காகச் சண்டை போட்டோம். கூலிக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்ததே. முதல் மழைக்கு அங்கே கத்துகிற கத்தலில் நீ தூங்கமாட்டாய். காதில் பஞ்சு வைத்துவிடுவேன். ஒரு வருஷம் தெருப் பிள்ளைகள் இறங்கிப் பிடித்து ஷெட் வாசலில் கொண்டுவந்து விற்றார்கள். எங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும், எது எது என்று பார்க்க எனக்கு நேரமில்லை. அடுத்த வருஷம் பள்ளத்தில் சத்தம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் யாரோ மண்ணடித்துக் கிடங்கு கட்டினார்கள். இப்போது முதல் மழை பெய்தால் நம் கூரைத் தகரத்தின் சத்தம் மட்டும்தான். போன வருஷம் நீ போன பிறகு வந்த முதல் மழையில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏதோ குறைகிறது என்று தோன்றியது. நீ இல்லாததுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் புரிந்தது, குறைந்தது நீ மட்டும் இல்லை.

இன்னொன்றும் கேள். ஒரு நாள் எர்ணாகுளத்தில் இருந்து காலேஜ் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் அட்டை பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றார்கள். நாங்கள் வேலை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண், நல்ல பிள்ளைதான், மேரிச்சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சிக்கு இரக்கம் இல்லையா?" என்று கேட்டாள். மேரிச்சேச்சி கையை எடுக்கவில்லை. "இரக்கம் நிறைய உண்டு மோளே, ரேஷனுக்குத்தான் வழியில்லை" என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் முதலாளியின் கார் பின்வாசல் வழியாகப் போனது. அதன் கண்ணாடியை யாரும் தட்டவில்லை. இதைச் சொல்வது என்னைத் தப்பவைக்க அல்ல. இந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்கவும் அல்ல. யார் எங்கே நின்றிருந்தோம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேசையை அங்கே போட்டது நான் இல்லை. நீ இப்போது நிற்கப்போகிற இடம் வேறு.

படிப்பு முடிந்து நீ வேலை தேடிக் கலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து நடந்து வந்த வருஷம் எனக்கு மறக்காது. பூச்சிமருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது ஷெட்டில் எல்லோருக்கும் நான் சாயா வாங்கிக் கொடுத்தேன். பேண்டு போட்டு, தோல்பை மாட்டி, பாலக்காட்டில் வயல் வயலாகப் போய் மருந்து விற்கிற வேலை. வயலில் பூச்சி பெருத்துவிட்டது, மருந்து இல்லாமல் பயிர் நிற்காது என்று நீ சொன்னாய். பூச்சி ஏன் பெருத்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய மூட்டையைப் பார்க்காத மாதிரிச் சுற்றி நடந்து போனோம்.

இப்போது அந்த விஷு வாரத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் மாற்றிச் சொன்னால் திருத்து. நீ கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"இந்த சீசனோட நீ ஷெட்டுக்குப் போறது நிக்கணும்மா."

"நின்னா யாரு சோறு போடுவா, உன் கம்பெனியா?"

"நான் போடறேன். அங்க ஒரு வீடு பார்த்துவெச்சிருக்கேன்."

"சம்பளம் கூடியிருக்கா?"

"சம்பளம் இல்ல. வேற ஒண்ணு." நீ குரலைத் தாழ்த்தினாய், நம் வீட்டில் பூனையைத் தவிர யாரும் இல்லை என்றாலும். "உங்க ஷெட் மேனேஜர் என்னை வந்து பார்த்தார். தவளைக்கால் ஏத்துமதிக்கு டில்லியில இருந்து தடை வரப்போகுதாம். அதுக்குள்ள இந்த ஒரு சீசன் முழுசா எடுத்துடணும்னு நிக்கறாங்க. ஆனா தவளைதான் கிடைக்கல. எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நீ சிரித்தாய், சலீம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவந்தால் சிரிக்கிற அதே சிரிப்பு. "என் மருந்து எந்த வயல்ல விக்கலையோ அங்கதான் இருக்கு. கம்பெனிக் கணக்குப்படி மூணு வருஷமா ஒரு டப்பாகூட வாங்காதவங்க இருக்காங்க. ஏன் வாங்கலன்னு போய்ப் பார்த்தா, வரப்புல காலு வைக்க முடியல, அவ்வளவு தவளை. பூச்சி நிக்கறதே இல்ல. யாரு யாரு வயல்னு எல்லாம் எனக்குத் தெரியும்."

"பிடிச்சப்புறம்?"

"பிடிச்சப்புறம் என்ன?"

"பிடிச்சப்புறம் அவங்க மருந்து வாங்குவாங்க. உன்கிட்ட."

"உனக்கு வேகமா ஓடுதும்மா புத்தி" என்றாய். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு கோபம் வந்து, அந்தக் கேள்வியைக் கேட்டாய்: "நீ வெட்டினதுலதானே நான் படிச்சேன்? அப்ப உனக்குத் தோணாதது இப்ப ஏன் தோணுது?"

நான் குழம்பு ஊற்றினேன். நீ சாப்பிட்டு முடித்தாய். படகுத்துறை வரைக்கும் வந்தேன். படகு நகர்ந்த பிறகு கையைக் காட்டினாய். நானும் காட்டினேன். அப்புறம் நீ வரவில்லை.

போன வாரம் மேனேஜர் ஷெட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தத் தடவை பாலக்காட்டுல இருந்து தவளை மால் நிறைய வரும். பெரிசா வரும். எல்லாம் இவங்க மகனோட ஏற்பாடு." எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மேரிச்சேச்சி என் காதில், "அம்மையும் மகனும் கூட்டுக் கம்பெனியா? இனி நீ எங்களுக்கு முதலாளியம்மா" என்றாள். மற்றவர்கள் அதைக் கேலியாக எடுத்துச் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருஷமாக மழைக்காலத்தில் பாதி நாள் வேலை இல்லை. பெரிய தவளை வந்தால் எல்லோருக்கும் கூலி. நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முட்டி வலி. மறுக்கத் தெம்பு இல்லை. உட்கார்ந்துகொண்டுதான் உனக்கு என்ன எழுத வேண்டும் என்று யோசித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அப்போது எனக்குத் தோன்றாததற்குக் காரணம், அப்போது அது தீரும் என்று எனக்குத் தெரியாது. கடல் மாதிரி, மழை மாதிரி, அது பாட்டுக்கு வரும் என்று இருந்தேன். உனக்குத் தெரியும். எந்த வயல், யாருடைய வரப்பு, எந்த நாள், முட்டை எங்கே இருக்கும், அடுத்த வருஷம் என்ன ஆகும், எல்லாம் உனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீ. நான் வெட்டிய காசில்தான் நீ படித்தாய், உண்மை. படித்ததை வைத்து மிச்சம் இருக்கிறதையும் காட்டிக்கொடுப்பதற்கா அந்தக் காசு போயிற்று? நான் குளித்துவிட்டு மறந்தேன். உன்னால் அப்படி மறக்க முடியாது. நீ தொடக்கூட வேண்டியதில்லை, விரலை நீட்டிக் காட்டினால் போதும். அப்புறம் எதைக் கழுவுவாய்?

கம்பெனி வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வயிறு நிறைந்தவர்களால்தான் முடியும். வாங்க வருகிறவனுக்கு மருந்து விற்றுக்கொள். வாங்காத அந்த நாலைந்து வயலை விட்டுவிடு. அங்கே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதே. தெரியாது என்று சொல். மறந்துபோயிற்று என்று சொல். கம்பெனிக்காக இத்தனை பொய் சொல்கிறாய், அந்த வயல்களுக்காக ஒன்று சொல். பாலக்காட்டுப் பக்கம் போன இரண்டு வருஷமாக மழை சரியில்லை என்று பொன்னன் சேட்டன் சொல்கிறார். வானமும் கைவிட்டு, ஏஜென்டும் வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்தும் பிரயோஜனம் இல்லை. மேலே வர மண்ணுக்குள் ஒன்றும் இருக்காது.

வீடு காத்திருக்கட்டும். உனக்கு வரப்போகிறவளின் வீட்டாருக்குச் சொந்த வீடு வேண்டும் என்றால் அவர்களும் காத்திருக்கட்டும். நான் செம்மீன் வருகிற காலத்தில் செம்மீன் உரிப்பேன். ஒரு கிண்ணம் கஞ்சி எனக்குப் போதும், பழகிவிட்டது.

ஆனால் நீ அனுப்பினால் நான் மேசையை விட்டுப் போய்விடுவேன் என்று நினைக்காதே. எனக்கு அந்த வசதி இல்லை. இடவத்தில் வேறு வேலை கிடையாது, கூலி விட்டால் அரிசி கிடையாது. நீ கட்டி அனுப்புகிற சாக்கை நான்தான் அவிழ்ப்பேன். வரப்பில் நின்று உன் மருந்துக்கு வேலையில்லாமல் செய்த அதே தவளையை, மஞ்சள் மாறாமல், என் கையில்தான் எடுப்பேன், என் பிளேடால்தான் வெட்டுவேன். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சலீம். உன்னால் முடியும். அதற்குத்தான் உன்னைப் படிக்கவைத்தேன் என்று இப்போது வைத்துக்கொள்கிறேன்.

முதல் மழை இறங்குகிற அன்று அந்த வயல்களில் ஒன்றின் வரப்புக்குப் போ. குடை பிடித்துக்கொள், உனக்குச் சளி பிடிக்கும். கத்துகிறதா என்று கேள். கத்தினால், எனக்காகவும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போ. லாரி இங்கே காலிச் சாக்கோடு வந்து நிற்கும். மேனேஜர் ஸ்டூலை எடுத்துவிடுவார். ஷெட்டில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள், மேரிச்சேச்சிதான் முதலில் திட்டுவாள், அவள் திட்டுவதில் நியாயமும் இருக்கும். அன்றைக்குக் கூலி இல்லை. மத்தியானமே நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து, கிணற்றடிக்குப் போகாமல், குளிக்காமல், நேராக அடுப்படிக்குப் போய் உலை வைப்பேன்.

அம்மா